பல்லி முட்டைக்கு ஒரு மோட்டார்

"கடைக்குப் போவானேன்? நானே செஞ்சிடுறேன்" என்று எங்காவது ஒரு குரல் கேட்டால், பத்தடி தள்ளி நின்றுகொள்ளுங்கள். அதுதான் 'தானே-செய்வார்' இனம். தெருவுக்கு ஒன்று நிச்சயம் உண்டு. சில தெருக்களில் இரண்டு இருந்து, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு திரியும். கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளி இருக்கும். எதைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் மூன்று திருகாணிகள் மிச்சம் விழும். அதைப் பார்த்து அவர் கூச்சப்படுவார் என்றா நினைக்கிறீர்கள்? "கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டிருக்கான்" என்பார். அவர் சரிசெய்த அழைப்புமணியை அழுத்திப் பாருங்கள்: குளியலறை விளக்கு அணையும், உள்ளே கண்ணில் சோப்போடு நிற்பவர், "யாரு வந்திருக்கா?" என்று கத்துவார். வந்தது தெரிகிறதா, இல்லையா? தெரிகிறது. அப்புறம் என்ன?

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்துகிறவர். தெருவில் அவருக்கு விஞ்ஞானி என்று பெயர். அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே கிருமிகளை வளர்க்கும் சூட்டுப்பெட்டி ஒன்று இருக்கிறது. அது அரை டிகிரி பிசகாமல் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். சூட்டைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வீட்டில் யாரைக் கேட்க வேண்டும்? உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு இன்றுவரை தெரியாது.

வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், கண்ணாடித் தொட்டியில் ஒரு புள்ளிப் பல்லியை வளர்த்து, அம்மா பொறுப்பில் விட்டுப் போயிருந்தாள். அது இரண்டு முட்டை இட்டது. அன்று காலை போன் வந்தது.

"அம்மா, அதுக்கு வயசாயிடுச்சு, இதுதான் கடைசி ஜோடின்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன வருஷம் மாதிரி காஞ்சு போயிடக் கூடாதும்மா. டப்பாவுல ஈரத் தேங்கா நார்த்தூளைப் போட்டு, பாதி புதைச்சு வை. இருபத்தெட்டு டிகிரி. ஒவ்வொரு முட்டை உச்சியிலயும் பென்சிலால ஒரு புள்ளி வை. அந்தப் புள்ளி எப்பவும் மேலதான் பாக்கணும். உருட்டினா உள்ள இருக்கிற குட்டி செத்துடும்."

"சரிடி கண்ணு."

"அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இருக்கேன், இருக்கேன்! நீ கவலையே படாதே. நானே ஒரு பெட்டி செஞ்சிடுறேன்!"

மறுமுனையிலிருந்து மெல்லிய குரலில், "அம்மா, உனக்கு லீவு கிடைக்குமா?" என்று மட்டும் வந்தது.

அன்று மாலையே மீன் வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்று வீட்டுக்குள் நுழைந்தது. அதன் பின்னாலேயே ஒரு குண்டு பல்பு, பழைய கணினியிலிருந்து பிடுங்கிய விசிறி, எதற்கென்று அவருக்கே தெரியாத ஒயர்ச்சுருள் ஒன்று, அடுத்த தெரு மின்வேலைக்காரர் 'தொட்டுடாதீங்க சார்' என்று சொல்லிக் கொடுத்த ஒரு சுவிட்சு எல்லாம் ஊர்வலமாக வந்தன. முதல் நாள் பெட்டிக்குள் சூடு நாற்பத்தொன்று. விசிறியைக் கூட்டினார், இருபத்திரண்டு. பல்பை மாற்றினார், வீட்டுக்கே மின்சாரம் போயிற்று. ஒவ்வொரு முறையும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வாசகம்தான்: "இன்னும் ஒரே ஒரு சின்ன வேலை."

அதுவரை முட்டைகள் எங்கே இருந்தன? குளிர்பெட்டியின் தலைமேல். அங்கே சூடு எவ்வளவு என்று மனைவி இரண்டு நாள் அளந்து பார்த்துவிட்டாள். இருபத்தெட்டு. இரவும் பகலும் இருபத்தெட்டு. சொல்லவும் செய்தாள்.

"ஏங்க, இங்கயே நல்லாத்தானே இருக்கு?"

"அது தற்செயல். இது விஞ்ஞானம்."

ஐந்தாம் நாள் பெட்டியும் ஒருவழியாக இருபத்தெட்டில் நின்றது. முட்டைகள் டப்பாவோடு உள்ளே போயின. வேறு யாராவது என்றால் அத்தோடு கையைக் கழுவியிருப்பார்கள். ஓடுகிற இயந்திரத்தைச் சும்மா விட்டுவைத்தால் அந்த இனத்துக்குப் பாவம் வந்துவிடும். அன்று ஞாயிற்றுக்கிழமை, மதியம் வேலை முடிந்து அவள் வீடு திரும்பியபோது, பழைய மேசை விசிறியின் கழுத்தாட்டும் மோட்டார் தனியே கழன்று வந்து, பெட்டிக்குள் இருந்த தட்டோடு கம்பியால் பிணைக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"இது என்னங்க?"

"கடையில விக்கிற பெட்டியெல்லாம் முட்டையைத் தானா திருப்பிவிடுமாம். நாலு மணிக்கு ஓட்டிக் காட்டப்போறேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கேன்."

"அது கோழி முட்டைக்குங்க. இது பல்லி. உருட்டக் கூடாதுன்னு பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொன்னாளே!"

"முட்டைன்னா முட்டைதான். ஓடு இருக்கா? குட்டி இருக்கா? அடிப்படை ஒண்ணுதான்."

மணி மூன்றே முக்கால். இந்த இனத்தோடு வாதாடிப் பயனில்லை. வாதத்தில் தோற்றால் இன்னொரு மோட்டாரைப் பொருத்துவார்கள். மனைவி அதைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே படித்துத் தேறியவள். அவர் திருகாணி தேடப் பின்கட்டுக்குப் போனார். அவள் ஒரு கரண்டியை எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பென்சில் புள்ளி இம்மியும் சாயாமல், ஒவ்வொரு முட்டையாக அள்ளி வேறு டப்பாவில் இறக்கினாள். காலி இடத்துக்கு என்ன செய்வது? துணி அலமாரியில் அந்துருண்டை இருந்தது. இரண்டு.

புது டப்பா மறுபடி குளிர்பெட்டியின் தலைமேல் ஏறியது, ஓர் அட்டைப்பெட்டிக்குள். பெட்டியின் மேல் அவள் பெரிய எழுத்தில் 'துவைக்க வேண்டிய திரைச்சீலைகள்' என்று எழுதி வைத்தாள். அந்த வீட்டில் அவர் கை படாத இடம் அதைத் தவிர வேறு கிடையாது.

நாலு மணிக்குத் திறப்பு விழா. மோட்டார் உறுமியது, தட்டு சாய்ந்தது, டப்பாவுக்குள் நார்த்தூள் மேல் அந்துருண்டைகள் உருண்டன. பெட்டியின் கண்ணாடிச் சன்னலில் ஆவி படிந்திருந்ததால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏதோ வெள்ளையாகத்தான் தெரிந்தது.

"ஆணா, பெண்ணா சார்?"

"சூட்டைக் கொஞ்சம் கூட்டினா ஆண், குறைச்சா பெண். எல்லாம் இந்தத் திருகுல இருக்கு."

"அடேயப்பா! என்னமோ வாசனை வருதே?"

"சுத்தம் சார். ஒரு பூச்சி அண்டாது, பாருங்க."

அதன்பிறகு ஏழு வாரம் அவர் சுவரில் அட்டவணை ஒட்டிக் குறித்தார். இருபதாம் நாள்: முட்டை சற்றே சிறுத்துள்ளது. முப்பதாம் நாள்: மேலும் சிறுத்துள்ளது, கரு ஓட்டை உறிஞ்சுகிறது போலும். நாற்பதாம் நாள்: பட்டாணி அளவு, மிக ஆரோக்கியம். மனைவி தினமும் அதைப் படித்துவிட்டு, சமையலறைக்குப் போய், திரைச்சீலைப் பெட்டியைத் திறந்து, நார்த்தூளில் ஈரம் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.

ஐம்பத்திரண்டாம் நாள் காலை. மனைவி திரைச்சீலைப் பெட்டியைத் திறந்தாள். ஒரு முட்டையில் கீறல் விழுந்து, அதிலிருந்து கடுகுக் கண்ணோடு ஒரு தலை நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று எப்போதோ வெளியே வந்து, வரிவரியாக உடம்பும் தடித்த வாலுமாக டப்பா ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. உடனே மகளுக்கு வீடியோவில் போன் போட்டாள். "ரெண்டுமாம்மா? ரெண்டுமே?" என்று அந்தப் பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் கத்தினாள்.

அதே நேரம் கூடத்திலிருந்து ஓர் அலறல். "முட்டையைக் காணோம்! ரெண்டையும் காணோம்!"

ஓடிவந்தவர் குளிர்பெட்டியின் மேல் பார்த்தார். குட்டிகளைப் பார்த்தார். திரும்பி, கூடத்துக் காலிப் பெட்டியைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லத்தான் போனாள். அதற்குள் அவர் முகம் பளிச்சென்று மலர்ந்துவிட்டது.

"பாத்தியா! பொரிஞ்சிருக்கு, ஓட்டைத் தின்னிருக்கு, விசிறி ஓட்டை வழியா இறங்கி, சூடு தேடி இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கு! எப்பேர்ப்பட்ட பலம்! எல்லாம் அந்த மோட்டார் கொடுத்த உடற்பயிற்சி!"

மனைவி போனைப் பார்த்தாள். போனில் மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"ஆமாங்க, கெட்டிக்காரக் குட்டிங்க. முட்டையையும் தூக்கிட்டு வந்து, இங்க வெச்சு உடைச்சிருக்கு" என்றாள் மனைவி.

"அதான் சொன்னேன்!" என்று அவர் துள்ளினார். பெட்டியின் ஓட்டையை அடைக்க உடனே கிளம்பியும் போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். முதல் நாள் பெட்டியில் சூடு நாற்பத்தொன்று என்று படித்தபோது, 'குண்டு பல்பைப் போட்டா அப்படித்தான் ஆகும். நானா இருந்தா வேற மாதிரி செஞ்சிருப்பேன்' என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா, இல்லையா?

வீட்டில் சொல்லிவிடுங்கள். அவர்கள் இப்போதே எல்லாவற்றையும் ஒளித்து வைக்கட்டும்.