பம்ப் ஹவுஸ் கம்ப்யூட்டர் பழகிக்கொண்ட கதை

எங்கள் பம்ப் ஹவுஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. யாரும் சொல்லாமலே தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் என்றார்கள். குடிநீர் இலாகாவில் அப்படியொரு வழக்கம் இதுவரை இல்லாததால் மேலிடம் மிகுந்த கவலையில் ஆழ்ந்தது.

பம்ப் ஆபரேட்டரான எனக்கு ஒரு கவலையும் இல்லை. அதற்கு இடப்பட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்: மோட்டார் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஒரு குழாயில் கோளாறு வந்தால் அதுவே வேறு வால்வைத் திறந்து சமாளித்துவிடும். மூன்றாம் மாடியில் இருக்கும் என் வீட்டுக்கே தண்ணீர் ஏறியது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக என் மனைவி என் உத்தியோகத்தை மதித்தாள்.

மேலிடத்துக்குப் பொறுக்குமா? ‘சுயதகவமைவு நடத்தை வரையறை மற்றும் வகைப்பாட்டுக் குழு’ அமைக்கப்பட்டது. ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள், ஒரு மேஜை விசிறி.

"வால்வைத் தானா திறந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. காலையில சுவிட்சைப் போட்டது யாரு?" என்றார் தலைவர்.

"நான்தான் சார்."

"அப்புறம் எப்படிய்யா தானா ஆகும்? பாதி தானான்னு போடுங்க."

"திறக்கலாம்னு முடிவு பண்ண ஃபைல் எங்க?" என்றார் ஓர் உறுப்பினர்.

"ஃபைல் இல்ல சார். தண்ணி வந்துச்சு."

"தண்ணி வந்ததெல்லாம் ஆதாரம் ஆகாது."

உடனே விதி பிறந்தது. கம்ப்யூட்டர் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், அது எந்த வகை என்று குழு முடிவுசெய்யும்வரை மோட்டாரை நிறுத்திவைக்க வேண்டும். முடிவுசெய்ய மூன்று நாள் ஆகும்.

நான்கு முறை நிறுத்தினோம். வீட்டில் கைக்குழந்தையின் துணி குவிந்து கிடந்தது. "தண்ணி ஆபீஸ்ல வேலைன்னு வெளிய சொல்லிக்காதீங்க" என்றாள் மனைவி. எனக்கு மானம் போயிற்று.

ஐந்தாவது முறை பெரிய குழாயே உடைந்தது. கம்ப்யூட்டர் ஒரு வால்வைக்கூடத் தொடவில்லை. குழுவின் கடிதங்களை அதற்குள் ஏற்றியது நான்தான். அதன் பலன் திரையில் தெரிந்தது: ‘கசிவு கண்டறியப்பட்டுள்ளது. தங்கள் மேலான உத்தரவை எதிர்நோக்குகிறேன்.’

அதன் கணக்கில் பிழையே இல்லை. திருத்திக்கொண்டால் மூன்று நாள் நிறுத்தம். சும்மா இருந்தால் நிறுத்தமே கிடையாது. மோட்டார் ஜோராக ஓடிற்று. தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று.

தலைவர் கண் கலங்கிவிட்டார். "சூழ்நிலையைப் புரிஞ்சுக்கிட்டு தன்னையே மாத்திக்கிச்சு பாத்தீங்களா? முழுசா தானா! முதல் வகை! நம்ம ஆளாயிடுச்சுய்யா!"

"சார், ஊருக்குத் தண்ணியே போகல சார்!" என்று கத்தினேன்.

"புகார் வந்திருக்கா?"

புகார்ப் பதிவேட்டைப் புரட்டினேன். முதல் நிறுத்தத்தின்போது இருநூறு புகார். அடுத்ததற்கு நாற்பது. இந்த வாரம் ஒன்றுகூட இல்லை.

ஆத்திரத்தோடு வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் போதும், அந்தத் தாளைத் தலைவர் முகத்தில் வீசலாம். கதவைத் திறந்தால் கூடத்தில், அதுவரை நான் கவனிக்காத மூன்று நீல டிரம்கள்.

"கத்தாதீங்க, குழந்தை தூங்குது. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை தண்ணி லாரி வரும். பழகிடுச்சு" என்றாள்.

மறுநாள் குழு தன் இறுதி அறிக்கையில் ஒரு பத்தியைச் சேர்த்தது: ‘பொதுமக்கள்: முழுத் தானியங்கி, சிறப்பு முதல் வகை. பராமரிப்பு தேவையில்லை.’

அதன் கீழே சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டேன், யாரும் சொல்லாமலே.