ஐந்தாவது ஏன்

"இந்த வீட்டில் ஒன்று கோப்பி இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும்!" என்று முழங்கினேன்.

ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் அப்படி முழங்கக் கூடாது. எதிரில் இருப்பவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

என் மனைவி யோகேஸ்வரி யோசித்தாள்.

நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். இன்னொரு கால் நனைந்திருந்தது. கோப்பியின் கைங்கரியம். கோப்பி எங்கள் நாய். பால் கலக்காத காப்பியின் நிறம், ஏழு வயது. மாசாயில் எங்கள் வரிசை வீடுகளில் அவளைப் போல ஒழுக்கம் யாருக்கும் கிடையாது, மனிதர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேட்டைத் திறந்தால் வெளியே போவாள், காரியத்தை முடித்துவிட்டு வருவாள். ஏழு வருடத்தில் வீட்டுக்குள் ஒரு சொட்டு விழுந்ததில்லை. இப்போது இரண்டு வாரமாக நாற்காலியடியில், கட்டிலருகில், சாமி அறை வாசலில் என்று எங்கும் குளம்.

"உலு திராம்ல உன் தம்பி வீட்டுக்கு அனுப்பிரலாம்," என்றேன்.

"அனுப்பலாம். ஆனா அவ ஏன் வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போறான்னு முதல்ல கண்டுபிடிங்க. உங்க வேலையே அதானே? காரணம் கோப்பின்னா அவ வெளிய போகட்டும். வேற யாராவதுன்னா அவங்க போகட்டும்."

"எழுதி வை!"

எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

என் வேலையைச் சொல்லவில்லையே. இருபத்தாறு வருடம் சிங்கப்பூரில் தரப் பரிசோதகர். விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்தால் இருட்டிய பிறகுதான் வீடு. நான்கு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். அன்றே ஒரு சபதம் எடுத்தேன்: ஹாலில் இருக்கும் பிரம்பு நாற்காலியில் உட்கார்வேன், எழுந்திருக்க மாட்டேன். பக்கத்து வீட்டு லூயிஸ், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன் வைத்திருக்கிறார். ஓட்ட வருகிறீர்களா என்று கேட்டார். மறுத்தேன். யோகேஸ்வரி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. நான் அதற்குத்தான் பயந்திருக்க வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு முறை உண்டு. ஒரு பழுதைப் பார்த்தால் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனில் குற்றவாளி நிற்பான். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாம்பார் ஏன் தண்ணியாக இருக்கிறது, மின்விசிறி ஏன் மூன்றில் ஓடுகிறது என்று யோகேஸ்வரியையும் கேட்டு உதவினேன்.

நோட்டுப் புத்தகம் எடுத்தேன். கோப்பி போன நேரம், இடம், அளவு எல்லாவற்றையும் குறித்தேன். வீட்டின் வரைபடத்தில் குளங்களை நீல மையால் வட்டமிட்டேன். உண்மை துலங்கியது.

"பாரு! நான் உட்கார்ற இடம், படுக்கற இடம், நிக்கற இடம். என்னையே குறி வைக்கறா!"

"வீடு முழுக்க நீங்கதானே இருக்கீங்க. அவ எங்க போனாலும் அது உங்க இடம்தான். கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க முதல்ல."

"நோயெல்லாம் இல்ல. திமிரு."

வியாழக்கிழமை அவளே கூட்டிக்கொண்டு போனாள். நான் வரைபடத்துக்கு அளவுகோல் போட்டுக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"வீட்டுல ஏதாவது மாறியிருக்கா, புதுசா யாராவது வந்திருக்காங்களான்னு கேட்டாங்க."

"நீ?"

"யாரும் வரலன்னேன்." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்புறம் யோசிச்சேன்."

சாப்பாட்டு மேசையில் விசாரணை நடந்தது. நான் கேட்டேன், அவள் பதில் சொன்னாள், நானே எழுதினேன்.

"கோப்பி ஏன் உள்ள போறா?"

"மனசு சரியில்ல."

"ஏன்?"

"அவ இடம் போயிருச்சு."

"ஏன்?"

"அந்தப் பிரம்பு நாற்காலியிலதான் பகல் பூரா படுத்திருப்பா. ஏழு வருஷமா. நீங்க பகல்ல இந்த வீட்டப் பாத்ததே இல்ல லா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப ஏன் படுக்கல?"

"ஒரு ஆள் உட்காந்திருக்காரு."

ஐந்தாவது ஏனை நான் கேட்கவில்லை. அந்த ஆள் ஏன் எழுந்திருக்கவில்லை என்று அவளே கேட்டாள். கேள்வியை மட்டும் எழுதினேன்.

அன்று முழுக்க யோசித்தேன். கோப்பியின் கணக்கில் நான் யார்? இருட்டில் வந்து, சாப்பிட்டு, தூங்கி, இருட்டிலேயே போகிற விருந்தாளி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தங்குகிறவன். அவன் நான்கு மாதமாகப் போகவே இல்லை. எனக்கே அப்படி ஒரு விருந்தாளி வாய்த்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஈப்போவில் இருக்கும் மகள் ஷாமளா போன் செய்து நான் எடுத்தால், "அம்மாகிட்ட குடுங்கப்பா," என்கிறாள். ஒரு வீட்டைக் கட்டுவதற்காக இருபத்தாறு வருடம் அந்த வீட்டில் இல்லாமல் இருந்திருக்கிறேன். நாய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஃப்ரிட்ஜ் கதவில் என் கையெழுத்து இருந்தது. சனிக்கிழமை லூயிஸ் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க அண்ணே! வேன் சாவிய மேசை மேலயே வச்சிருக்கேன்."

ஏன் அங்கேயே இருக்கிறது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

திங்கள் முதல் விடியற்காலை ஐந்துக்கு வேன். திரும்பி வர இரவாகிவிடும். நான்கே நாளில் வீடு காய்ந்தது. ஒரு சொட்டு இல்லை. என் முறை வென்றது. தினமும் கோப்பியிடம் மன்னிப்பு வேறு கேட்டேன். அவள் என் கையை நக்கினாள். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நகவெட்டி தேடி அலமாரி இழுப்பறையைத் திறந்தேன். கிளினிக் உறை ஒன்று கிடந்தது. கோப்பி என்ற பெயர். அந்த வியாழக்கிழமைத் தேதி. சிறுநீர்ப்பையில் கிருமித் தொற்று. காலை ஒன்று, இரவு ஒன்று, பத்து நாள். உள்ளே மாத்திரை அட்டை இருந்தது, மாத்திரை இல்லை.

அடுப்படிக்கு ஓடினேன்.

"இது என்ன?"

"மருந்துக் கவர்."

"நோய்னு ஏன் சொல்லல?"

"நோயெல்லாம் இல்ல, திமிருன்னு சொன்னது யாரு? பெரிய பரிசோதகர்! ரிப்போர்ட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அறிக்கையைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று இருபத்தாறு வருடம் எல்லாருக்கும் பாடம் எடுத்தவன் நான்.

"புதுசா யாராவது வந்திருக்காங்களான்னு டாக்டர் கேட்டாங்கன்னியே?"

"கேட்டாங்க. சிறுநீர் டெஸ்ட் பண்றதுக்கு முந்தி கேட்டாங்க. பண்ணினதும் நிப்பாட்டிட்டாங்க."

"அப்ப கோப்பிக்கு என் மேல கோபமே இல்லையா?"

"அவ பாவம். அவளுக்கு என்ன தெரியும்?"

சந்தோஷப்பட வாய் திறந்தேன். பாதியில் மூடினேன். நாய்க்குக் கோபமில்லை என்றால், நாற்காலியைப் பற்றி மேசையில் சொன்னதெல்லாம் யாருடைய கோபம்?

யோகேஸ்வரி வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "ஃப்ரிட்ஜத் திறந்தா ஏன், மூடினா ஏன். எதிர் வீட்டு ராஜம்மா வந்தா ஏன், போனா ஏன். நாலு மாசமா நானும் அடக்கிக்கிட்டுத்தான் இருந்தேன். கோப்பியால முடியல."

வெங்காயத்தால்தான் அவள் கண் கலங்கியிருந்தது என்று எழுத ஆசைப்படுகிறேன். என் கண்ணுக்கு அந்தச் சாக்குகூட இல்லை.

"நாளையிலேர்ந்து வேன் ஓட்ட மாட்டேன்!" என்று முழங்கிவிட்டு ஹாலுக்கு வந்தேன், என் நாற்காலியை மீட்க. அதில் கோப்பி படுத்திருந்தாள். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அவளுக்கு மருந்து பத்து நாள்தாங்க. உங்களுக்கு லூயிஸ்கிட்ட ரெண்டு வருஷம் சொல்லி வச்சிருக்கேன்."