பன்னிரண்டாவது பாம்பு

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. பணக்காரன் மேலோ படித்தவன் மேலோ பொறாமைப்பட்டிருந்தால் கொஞ்சம் கௌரவமாகவாவது இருந்திருக்கும். நான் பொறாமைப்பட்டது என் சகலை முனிரத்தினத்தின் மேல். அதுவும் பாம்பு விஷயத்தில்.

முனிரத்தினம் என் மனைவி கோமளாவின் அக்கா புருஷன். லைன்மேன் வேலை. திருத்தணியைச் சுற்றிக் கம்பம் கம்பமாக அலைகிறவர் கண்ணில் பாம்பு படாமல் இருக்குமா? பட்டதையெல்லாம் செல்போனில் படம் எடுத்து, பெயர் கண்டுபிடித்து, 'நம்ம ஊர்ப் பாம்புகள்' என்று பட்டியல் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டார். மலையடிவாரத்தில் மண்ணுளி, திருவாலங்காட்டுக் கரும்புத் தோட்டத்தில் கண்ணாடி விரியன், ஏரிக் கால்வாயில் நீர்க்கோலி என்று மொத்தம் பதினொன்று.

அன்றிலிருந்து வீட்டில் மண்புழு வந்தால்கூட, "பாவாக்கு ஒரு போட்டோ அனுப்புங்க" என்பாள் கோமளா. (எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனுக்குப் பாவா என்று பெயர். அந்த வார்த்தையை வாயில் சர்க்கரை போட்டுக்கொண்ட மாதிரி சொல்வாள். எனக்கு வாய்த்தது "இந்தாங்க".) பொதட்டூர்பேட்டையில் நாற்பது வருஷம் தறி நெய்த என் மாமனாரோ, "பெரிய மாப்ளைக்கு இன்னா அறிவு" என்பார். அதையும் என் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சொல்வார்.

வீட்டுக்குப் பின்னால் எனக்கு நான்கு விசைத்தறி. லுங்கி ஓடுகிறது. சாரைப் பாம்புக்குப் பக்கத்தில் முனிரத்தினம் நிற்கும் படத்தில் அவர் கட்டியிருந்தது நான் நெய்த லுங்கி. பாம்பைப் பற்றி நாற்பது பேர் எழுதினார்கள். லுங்கியைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் பட்டியலில் இல்லாத பன்னிரண்டாவது பாம்பை நான் கண்டுபிடிக்க வேண்டும். கோமளா ஒரே ஒரு முறை என்னைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அதற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் கல்லைக் கல்லாகப் புரட்டினேன். நான்கு ஓணானும் ஒரு செருப்பும் கிடைத்தன.

ஆடிக்கிருத்திகை வந்தது. திருத்தணியில் வீடு இருந்தால் அந்த வாரம் அது வீடு இல்லை, சத்திரம். வருகிற உறவுக்காரர்களுக்குப் பாய் எடுக்கத் தறிக் கொட்டகைப் பரணில் ஏறினேன். ஒரு மூலையில் பாம்புச் சட்டை, தலையோடு மூன்றடி. இன்னொரு மூலையில் வாலோடு ஐந்தரை அடி.

இங்கேதான் என் தொழில் புத்தி என்னைக் கெடுத்தது. அறுந்ததைப் பார்த்தால் தறிக்காரன் கை சும்மா இருக்காது. ஒரே பாம்பு, எங்கேயோ மாட்டிக் கிழிந்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். நூலுக்குப் போடும் கஞ்சியைத் தொட்டு இரண்டையும் சேர்த்து ஒட்டி, சுருக்கம் நீவிக் காயவைத்தேன். எட்டரை அடி. தலைப்பக்கம் நாகம் மாதிரி இருந்தது. அவ்வளவு நீள நாகம் என்றால் ராஜநாகம்தான் என்று யூடியூபில் ஒருவர் சத்தியம் செய்தார். எங்கேயோ மழைக்காட்டில் இருப்பது திருத்தணிக்கு எதற்கு வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆடிக்கிருத்திகைக்கு எல்லாரும்தான் வருகிறார்கள்.

அது என் தலைக்கு மேல்தான் சட்டை உரித்தது என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம். தறிக்கு லீவு என்பதால் கொட்டகையிலேயே பந்தி. இருபது பேர் சாப்பிட்டு முடித்த பிறகு, புது லுங்கியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்து எல்லார் முன்னாலும் விரித்தேன்.

"ஏங்க, இத்த நீங்களா கண்டுபுட்ச்சீங்க?" என்றாள் கோமளா. வாய் பிளந்திருந்தது.

"ஆங். ராஜநாகம்" என்றேன், தினம் ஒன்று கண்டுபிடிக்கிறவன் மாதிரி. (அந்தச் சந்தோஷம் எட்டு நொடி நீடித்தது.)

முனிரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"தாமு, தலை நல்ல பாம்பு. செதில் வழவழன்னு கீது பாரு. இங்கருந்து செதில் நடுவுல கோடு ஓடுது. இது சாரை."

"அப்டின்னா?"

"தலை ஒரு பாம்பு, வாலு ஒரு பாம்பு."

மாமனார் எழுந்து வந்து, துணி பார்ப்பது போலச் சட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் ஓட்டினார். ஒட்டுப் போட்ட இடத்தில் விரல் நின்றது.

"கஞ்சி போட்டு ஒட்டிகிறீங்க" என்றார். இன்னொரு முறை தடவிப் பார்த்தார். "ஒட்டு சுத்தமா கீது, மாப்ள."

கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷத்தில் அவர் என் வேலையைப் பாராட்டியது அன்றைக்குத்தான். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

முனிரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. "இத்த எங்கருந்து எட்த்த?" என்றார்.

நான் விரலை மேலே காட்டினேன்.

"அப்போ ரெண்டு பாம்பு வந்து போய்கினு கீது" என்றார், கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற அதே குரலில்.

இருபது தலையும் பரணைப் பார்த்தன. முட்டி வலி என்று மலைக் கோயிலுக்கே காரில் போகிற மாமனார்தான் முதலில் வெளியே போனார். பத்து நிமிஷத்தில் மூட்டை முடிச்சோடு எல்லாரும் முனிரத்தினம் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். கோமளா என் தலையணையையும் எடுத்துக்கொண்டு போனாள். வேறு வழியில்லாமல் நானும் போய் அவர் வாசலில் நின்றேன். அவர் பாய் கொடுத்தார். அவர் மனைவி சாம்பார் ஊற்றினார். எனக்கு வயிறு எரிந்தது. சாம்பாரில் காரம் இல்லை.

பாம்பு பிடிக்கிறவர் வந்து சாரையைப் பிடித்துக் காட்டில் விட்டார். நல்ல பாம்பு அகப்படவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடிக்கிருத்திகைக்கும் நாங்கள் புதுப் பாய் வாங்கிக்கொள்கிறோம்.

சாரையும் நாகமும் அவர் பட்டியலில் ஏற்கெனவே இருந்தவைதான். ஆனாலும் அந்த வாரமே பன்னிரண்டாவது வரி ஒன்று சேர்ந்தது: "தாமோதரன் பாம்பு. தலை நாகம், வால் சாரை. ஒரே ஒரு வீட்டில் மட்டும் காணப்படும். விஷம் கிடையாது, கஞ்சி உண்டு."

ஆறு வருஷமாக எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "தறியில இன்னா ஓடுது, லுங்கியா பாம்பா?" என்று யாராவது கேட்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். போன மாசம் ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில் முனிரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெதுவாகச் சொன்னேன்:

"அண்ணா, பட்டியல்ல பன்னெண்டு பாம்பு கீது. ஒங்க பேர்ல ஒண்ணுகூட இல்லியே."

அவர் கையில் இருந்த லட்டு வாய்க்குப் போகாமல் கொஞ்ச நேரம் நின்றது. அன்றைக்கு நான் இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.