கறள் அண்ணையின் பக்கத்துச் சீற்

டென்மார்க் மண்ணில் கார்ப் பந்தயம் ஓடியவர்களில், முந்துவதற்கு முன் அனுமதி கேட்ட ஒரே சாரதி எங்கள் கறள் அண்ணைதான். இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். ஏனென்றால் அந்த மனுசன் ஓட்டிய ஒவ்வொரு பந்தயத்திலும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தலையில் அடித்துக்கொண்டவன் நான்.

கறள் என்றால் துரு. ரண்டர்ஸ் நகரில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்ததும் நான் குளித்துவிட்டுக் கட்டிலில் படுப்பேன். அவர் ஒரு பழைய பச்சைக் காருக்கடியில் போய்ப் படுப்பார். துவாய், குளியலறைச் சுவர், தேத்தண்ணிக் கோப்பையின் பிடி என்று தொட்ட இடமெல்லாம் செம்மஞ்சள் கைரேகை. அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஊரில் மன்னாருக்கும் கொழும்புக்கும் லொறி ஓட்டியவர். "நான் புறொபெஷனல்" என்று வாய்க்கு வாய் சொல்வார். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோல்கரேஸ் என்று ஒன்று நடக்கும். களிமண் வயலில் பழங்கார்களை இடித்துத் தள்ளி ஓட்டும் பந்தயம். கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை வெல்டிங் செய்து மூடி, சாரதியின் சீற்றைத் தவிர மற்ற எல்லாச் சீற்றையும் பிடுங்கி எறிந்துவிட வேண்டும். சாரதி ஜன்னல் வழியாகத்தான் ஏறவேண்டும். இதைக் கண்ட நாளிலிருந்து அண்ணைக்கு விசர் பிடித்துவிட்டது.

பிடுங்கிய சீற்றுகளில் ஒன்றை மட்டும் அவர் எறியவில்லை. சாரதிக்குப் பக்கத்துச் சீற். அதைப் பொலித்தீனால் சுற்றி எங்கள் ஹோலின் நடுவில் வைத்தார். மொத்தமே இரண்டு கதிரை உள்ள வீடு. விருந்தாளி வந்தால் நான் நின்றுகொண்டு சாப்பிடுவேன்.

"உதிலை ஒருத்தரும் இருக்கக்கூடாது" என்றார். "அது நாயகியின்ரை இடம். அவள் வந்தவுடனை இதைத் திரும்பப் பூட்டி, முதல் முதல் இந்தக் காரிலைதான் ஏத்துவன். மாதாவுக்கு நேர்த்தி வைச்சிட்டன்."

நாயகி அக்கா அவருடைய மனைவி. கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்காகக் காத்திருந்தார். அந்த ஆண்டுகளில் எங்கள் ஆட்களின் மனைவி பிள்ளைகள் யாரும் வந்து சேரவில்லை. விண்ணப்பங்களெல்லாம் மேலே எங்கேயோ கிடப்பில் கிடந்தன. காலை வணக்கத்துக்கு டேனிஷில் என்னவென்று தெரியாதவன்கூட, குடும்ப இணைவுக்கான "ஃபமீலியசமன்ஃபோரிங்" என்ற நீளமான சொல்லைத் தூக்கத்திலும் பிழையில்லாமல் சொல்வான். மற்றவர்கள் ஜன்னலில் நின்று தபால்காரனைப் பார்த்தார்கள். இவர் வயலில் போய் இடிபட்டார்.

"கதவு திறக்காத காரிலை அக்காவை எப்பிடி அண்ணை ஏத்துறது? றோட்டிலை பொலிஸ்தான் விடுவானே?"

"அதெல்லாம் பேந்து பாப்பம். நீ அந்த ஸ்பனரை எடு."

முதல் பந்தயத்திலேயே மானம் போனது. பந்தயக் காருக்கு ஹோர்ன் எதற்கு? அண்ணை எங்கேயோ தேடி ஒரு லொறி ஹோர்னைப் பூட்டியிருந்தார். முன்னால் போகிறவனை நெருங்கியதும் மரியாதையாக இரண்டு தரம் அடிப்பார். விலகினால் கையை உயர்த்தி நன்றி சொல்லி முந்துவார். விலகாவிட்டால் பின்னாலேயே போவார். தெருவிலேயே ஹோர்ன் சத்தம் அதிகம் கேட்டறியாத டேனிஷ்காரர்கள் பாவம். ஒருவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்து நேரே வைக்கோல் கட்டுக்குள் போய்ச் செருகினான்.

பந்தயத்தை நடத்தும் பெண்ட் என்ற பெரியவர் கொடியோடு ஓடிவந்து என்னிடம் கத்தினார். நான் மொழிபெயர்த்தேன்.

"அண்ணை, ஹோர்ன் அடிக்கக்கூடாதாம்."

"ஹோர்ன் அடிக்காமல் முந்துறது மாடெல்லோ? சொல்லு அந்தாளுக்கு."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இதற்கு மேல் இன்னொரு கூத்து. அந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. ஓடி முடிந்ததும் எந்தக் காரையும் யார் வேண்டுமானாலும் நிர்ணயித்த மலிவு விலைக்குக் கேட்கலாம். கேட்டால் விற்றே தீரவேண்டும். காசுக்காரன் காசைக் கொட்டி வெல்லாமல் இருக்க இந்த ஏற்பாடு. வெல்கிற காரைத்தானே கேட்பார்கள்? அதனால் அண்ணை கடைசியாக வருவதையே தொழிலாக வைத்துக்கொண்டார். அதுவும் சுலபமில்லை. அவர் கை பட்ட இயந்திரம் குதிரைபோல் பாயும். அதை இழுத்துப் பிடித்துக் கடைசியாகக் கொண்டுவர அவர் பட்ட பாட்டில் மற்றவர்கள் இரண்டு கிண்ணம் வாங்கியிருப்பார்கள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "வெல்லவும் மாட்டியள், விடவும் மாட்டியள். பேந்து என்ன கோதாரிக்கு ஓடுறியள்?"

அண்ணை காருக்கடியிலிருந்து வெளியே வரவில்லை. "சும்மா இருந்தால் யோசினை வருகுதடா" என்ற குரல் மட்டும் வந்தது. நான் ஸ்பனரை நீட்டினேன்.

அந்தக் கோடையில்தான் விபரீதம் நடந்தது. மழை பெய்த வயல். கடைசி வளைவில் முன்னால் போன கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து நின்றன. குவியலுக்கு வெளியே ஓடக்கூடிய ஒரே கார் அண்ணையுடையது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு வந்து, எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் பிடித்து நிறுத்திவிட்டார். சனமெல்லாம் எழும்பிக் கத்துகிறது. பெண்ட் கொடியை ஆட்டுகிறார். அண்ணையோ ஜன்னலால் கையை வெளியே விட்டு, பின்னால் சேற்றில் புதைந்து கிடந்தவர்களை "நீங்கள் போங்கோ, போங்கோ" என்று அழைக்கிறார்.

"ஓடுங்கோ அண்ணை! பேய் மனுசா!" என்று நான் வேலியைப் பிடித்து உலுக்கினேன்.

"வெண்டால் வாங்கிப்போடுவாங்களடா!"

அதற்குள் ஒருவன் சேற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து பின்னால் இடித்தான். அண்ணையின் கார் துள்ளிக் கோட்டைத் தாண்டியது. முதலாம் இடம்! இவ்வளவு துக்கமான முகத்தோடு கிண்ணம் வாங்கிய வீரனை உலகம் கண்டிருக்காது.

பயந்தபடியே நடந்தது. பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே பந்தயம் நடத்துகிறவர்களின் மேசைக்குப் போய்க் காரைக் கேட்டார். அண்ணை வாதாடவில்லை. விதி விதிதான் என்று தலையாட்டினார். பிறகு காரின் கூரையை மெதுவாகத் தடவி, "நாயகிக்கு என்னத்தைச் சொல்லுவன்?" என்று என்னைப் பார்த்தார். லொறிச் சத்தத்தையும் விழுங்குகிற அந்தக் குரல் அன்றைக்கு எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவர் மேலா, பண்ணைக்காரர் மேலா, மேலே கிடப்பில் போட்டு வைத்திருந்தவர்கள் மேலா என்று இன்றைக்கும் தெரியாது. நேரே மேசைக்குப் போய், "எனக்கும் இந்தக் கார் வேணும்" என்று டேனிஷில் சொன்னேன். இரண்டு பேர் கேட்டால் சீட்டுக் குலுக்க வேண்டும். பெண்ட் தன் தொப்பிக்குள் சீட்டைக் குலுக்கி எடுத்தார், பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி முயன்றார். வாசிக்க அவ்வளவு கஷ்டப்பட்டால் அது என் பெயராகத்தான் இருக்கவேண்டும்.

இப்படித்தான் கார் ஓட்டவே தெரியாத நான், கதவு திறக்காத ஒரு காருக்குச் சொந்தக்காரனானேன். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும், "தம்பி, உன்ரை காரை ஒருக்கால் தாவன்" என்று வந்து நிற்பார். நான் திட்டித் திட்டிக் கொடுப்பேன்.

பிறகு, நீதி அமைச்சரே விண்ணப்பங்களை வேண்டுமென்று கிடப்பில் போட்ட கதை வெளியே வந்து பெரிய வழக்காகிப் பத்திரிகையெல்லாம் எங்கள் பேச்சானது. விண்ணப்பங்கள் அசைந்தன. நாயகி அக்கா வந்து சேர்ந்தார். ரண்டர்ஸ் ஸ்டேசனுக்குத் தெரிந்தவர் ஒருவர் கார் கொண்டுவந்தும் அண்ணை ஏறவிடவில்லை. நேர்த்தியாம்! கொட்டுகிற மழையில் நடந்தோம். பெட்டியைத் தூக்கியது யாரென்று சொல்லவும் வேண்டுமா?

வீட்டுக்குள் வந்த அக்கா ஹோலைப் பார்த்துத் திகைத்து நின்றார். "இதென்னப்பா, கார்ச் சீற்றை வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறியள்?"

வாய் ஓயாத மனுசன் குனிந்து சீற்றில் சுற்றிய பொலித்தீனை அவிழ்க்கத் தொடங்கினார். நான்தான் சொன்னேன்: "அது உங்கடை இடம் அக்கா. இவ்வளவு காலமும் என்னை ஒருநாள் இருக்க விடேல்லை."

அடுத்த ஞாயிறு பந்தயங்கள் முடிந்தபின் ஒரே ஒரு சுற்றுக்குப் பெண்ட் அனுமதி தந்தார். சீற்றைப் பூட்டியவன் நான். சேலைக்குமேல் குளிர்ச்சட்டை போட்ட அக்காவைப் பெட்டியொன்றின் மேல் ஏற்றி, ஜன்னலால் உள்ளே இறக்குவதற்குள் எனக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. கார் புறப்பட்டது. வெறும் வயல். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தரம் ஹோர்ன். நடுவில் அக்காவின் குரல்: "ஐயோ, மெல்லமா ஓடுங்கோவன்!"

ஒரு சுற்று முடிந்து கார் எனக்கு முன்னால் வந்து நின்றது. அண்ணை ஜன்னலால் தலையை நீட்டி, காரின் சொந்தக்காரனான என்னைப் பார்த்தார்.

"தம்பி... இன்னொரு சுத்து?"

பெண்டின் முகத்தைப் பார்த்தேன். அவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

"பெற்றோல் முடியுமட்டும் ஓடுங்கோ அண்ணை" என்றேன்.