மோட்டார் சுருதி

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். இங்கே என் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முழங்கால் மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. காது ஒன்றுதான் கவலைக்கிடம், அதற்குக் காரணம் நீ. ஆகவே விசாரிப்பை இத்தோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் உன் அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீ அனுப்பிவைத்த அந்த செல்லோவை, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே நேரில் வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. உன் அக்கா என்னோடு பேசி இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. எனக்கு அவள் பேச்சு திரும்ப வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அந்தப் பெட்டி வந்து இறங்கிய அன்று அலமாரிதான் வருகிறது என்று நினைத்து, நான் ஒரு சுவரையே காலி செய்து வைத்திருந்தேன். திறந்தால் வயலினுக்குப் பெரியண்ணன். கழுத்தில் வைத்து வாசிக்க முடியாதாம், நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே பிடித்துக்கொள்ள வேண்டுமாம். வாசிக்காத நேரத்தில் அதற்கும் ஒரு நாற்காலி. எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு இருப்பதே மூன்று நாற்காலி, ஆகவே வருகிற விருந்தாளி நின்றுகொண்டு பேசிவிட்டுப் போகிறார். முப்பது வருஷம் தபால் அலுவலகக் கவுன்ட்டரில் முத்திரை குத்திய கை அவளுடையது. அந்தக் கையில் ஒரு வில்லைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீ ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? முதல் மூன்று மாதம் அவள் வாசிக்கவில்லை மாப்பிள்ளை, பதிவுத் தபால் அனுப்பினாள்.

அத்தோடு போயிருந்தால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் எங்கள் குடியிருப்பில் ஏற்கெனவே ஒரு கூட்டம் இருந்தது. சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குக் கீழ்த்தளக் கூடத்தில் கூடி, வாத்தியம் என்று சொல்லிக்கொண்டு எதையெதையோ சுரண்டும் மூன்று பேர். அவர்கள் உன் அக்காவை வாசலிலேயே மடக்கிவிட்டார்கள். முதலாமவர் பல் டாக்டர், வயலின். பல் பிடுங்கும்போதாவது மனுஷன் மரத்துப்போக ஊசி போடுவார், வயலினுக்கு அதுவும் கிடையாது. இரண்டாமவர் நில அளவையாளர், மாண்டலின். வேலைக்குப் போன ஊரையெல்லாம் அங்குலம் அங்குலமாக அளந்தவர், ஆனால் ஒரு தாளத்துக்கும் அடுத்த தாளத்துக்கும் எவ்வளவு தூரம் என்று இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை. வாசிப்பது கால் மணி, கம்பியைத் துடைப்பது முக்கால் மணி. மூன்றாமவர் காப்பீட்டு ஏஜென்ட். அவரிடம் இருப்பது உக்குலேலே என்ற நாலு கம்பிக் குட்டி கிட்டார். காணொளியில் ஆறு வாத்தியார்களிடம் பாடம் கேட்கிறார், ஆறு பேரிடமும் முதல் பாடம் மட்டும். முதல் பாடத்திலேயே எம்.ஏ. வாங்கியிருப்பார் இந்நேரம்.

யாரிடமாவது போய் "ஏன் சார் இப்படி வாசிக்கறீங்க?" என்று கேட்டால், மூன்று பேருக்கும் ஒரே பதில்தான். "இப்பத்தான் சார் கத்துக்கறேன்." நாலு வருஷமாக இப்பத்தான்! பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவன் நான். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டேன் என்றால், எந்த பேரிங் எத்தனை மாதத்தில் போகும் என்று சொல்லிவிடுவேன். நாங்களும் "இப்பத்தான் கத்துக்கறோம்" என்று சொல்லிக்கொண்டே பம்பு பூட்டியிருந்தால், உலகத்தில் எந்த மாடிக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறியிருக்காது.

இவர்கள் சுருதி சேர்க்கிற அழகைச் சொல்கிறேன் கேள். ஆரம்பத்தில் ஆளுக்கொரு கைப்பேசியை வைத்துக்கொண்டு அதில் வருகிற சத்தத்துக்குச் சேர்த்தார்கள். மூன்று கைப்பேசியும் மூன்று விதம். டாக்டர் "உங்களுது கம்மி" என்பார், அளவையாளர் "உங்களுது ஜாஸ்தி" என்பார், ஏஜென்ட் "ரெண்டு பேரும் சொல்றது சரி" என்பார். அது அவர் தொழில் புத்தி. கடைசியில் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டு, ஒரு பாட்டுக்கூட வாசிக்காமல் கலைந்து போனார்கள். அதற்கப்புறம் கைப்பேசி கூடாது என்று ஒரு விதி வந்தது. பதிலுக்கு எதைப் பிடித்தார்கள் தெரியுமா? தண்ணீர் மோட்டாரை! கூடத்துக்குப் பக்கத்து அறையில் ஓடுகிற மோட்டார். மாலை ஐந்தேகாலுக்குக் காவலாளி அதைப் போடுவார். அது "ம்ம்ம்" என்று ஆரம்பித்ததும் நாலு பேரும் சுவர்ப்பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குக் கம்பியை முறுக்குவார்கள். செல்லோவின் இரண்டாவது தடித்த கம்பி மோட்டாரோடு அப்படியே ஒட்டிக்கொள்கிறதாம், மற்றவர்கள் அதைப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார்களாம். ஊர் உலகத்தில் எங்கேயாவது உண்டா இந்தக் கூத்து? இந்த அறிவுக்கொழுந்து யோசனை டாக்டருடையதாகத்தான் இருக்கும். அந்த மோட்டாரைப் பதினோரு வருஷமாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறவன் நான், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி பதினேழு நாளுக்கு முந்தைய கதை. அன்று மத்தியானம் உன் அக்கா முதல்முறையாக ஒரு மெட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நிற்காமல் வாசித்தாள். பதினோரு மாத உழைப்பு, இல்லை என்று சொல்லமாட்டேன். வாசித்து முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் செய்தித்தாளை இறக்காமல் சொன்னேன், "பேரிங்ல கிரீஸ் இல்ல." மாப்பிள்ளை, அது என் தொழில்பூர்வமான கருத்து. கம்பெனியில் நான் அப்படிச் சொன்னால் ஆட்கள் ஓடிப்போய் கிரீஸ் எடுத்து வருவார்கள். உன் அக்கா வில்லை மேஜைமேல் வைத்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என்னோடு வாய் திறப்பதில்லை. கேட்டதற்குச் செல்லோவால் பதில் வருகிறது. ஒரு இழுப்பு என்றால் ஆமாம், இரண்டு இழுப்பு என்றால் இல்லை. "காப்பி இருக்கா?" இரண்டு இழுப்பு. "மாத்திரை நீதான எடுத்து வெச்ச?" ஒரு இழுப்பு. பொறுக்கமுடியாமல் போன செவ்வாய்க்கிழமை, "என் மேல கோவமா?" என்று கேட்டேன். வில்லின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், இருப்பதிலேயே தடித்த கம்பியில், ஒரே இழுப்பு. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. வீடு அமைதியாக இருந்தால் போதும் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவன் நான்தான். முப்பத்தாறு வருஷமாக அவள் காலையில் எழுந்ததும் கண்ட கனவைச் சொல்வாள், நான் கேட்காத மாதிரி இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பதினேழு கனவு போய்விட்டது மாப்பிள்ளை. அதை யார் எனக்குத் திருப்பிச் சொல்வார்கள்?

ஆனால் நானும் சும்மா இருக்கவில்லை. இன்று பகல் பதினொரு மணிக்குக் குடியிருப்போர் சங்க ஆண்டுக் கூட்டம். கூட்டம் முடிந்ததும் இந்த நாலு பேர் கச்சேரி, அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நான் நேற்று ராத்திரி, அவர்கள் ஒத்திகை முடிந்து கலைந்ததும் பம்பு அறைக்குள் போய், மோட்டாரின் பழைய பேரிங் இரண்டையும் கழற்றிவிட்டுப் புதுசு போட்டேன். அடியில் கனமான ரப்பர் கட்டை கொடுத்தேன். குழாய் சுவரைத் தொடுகிற இடத்திலெல்லாம் ரப்பர் சுற்றினேன். இப்போது அது ஓடுகிறதா நிற்கிறதா என்று கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பம்பு அறைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் தையல்கார அம்மா ரெண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த வேலை. "இப்பவாவது செஞ்சீங்களே!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கடமையைத்தானே செய்தேன்? காவலாளி மோட்டாரைப் போடுவார், இவர்கள் காதைச் சாய்ப்பார்கள், ஒன்றும் வராது. தொண்ணூறு பேர் முன்னால் இவர்கள் சாயம் வெளுக்கும். உன் அக்காவுக்கு அந்தக் கூட்டத்தின் மேல் வெறுப்பு வரும். நீ வந்து செல்லோவைத் தூக்கிக்கொண்டு போ. நாலே நாளில் அவள் பழையபடி கனவு சொல்ல ஆரம்பிப்பாள். இதுதான் என் திட்டம், இதில் ஓட்டை இருந்தால் நீயே சொல்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் ஆரோக்கியத்தோடும் நல்ல புத்தியோடும் வளர என் மனமார்ந்த ஆசி. எந்தப் பிள்ளையாவது கம்பி கட்டிய எதன் பக்கமாவது கையை நீட்டினால், உடனே ஒரு பந்தைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பு. வரும்போது பெரிய வண்டியாகப் பார்த்து வா.

உன் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: மாலை ஆறு மணி. உறை ஒட்டவில்லை, அதனால் இதையும் படித்துவிடு.

கச்சேரிக்குப் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன், வேடிக்கை பார்க்கத்தான். டாக்டர் கையைத் தூக்கினார், காவலாளி மோட்டாரைப் போட்டார். நாலு பேரும் காதைச் சாய்த்தார்கள். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. "போடுங்கப்பா!" என்றார் டாக்டர். "போட்டாச்சு சார், மேல தண்ணி ஏறுது," என்றார் காவலாளி. பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு கைப்பேசியை நீட்டினார்கள். அவ்வளவுதான், கம்மி, ஜாஸ்தி, ரெண்டும் சரி என்று மேடையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். ஜனங்கள் சிரித்தார்கள். நான் எதிர்பார்த்தது அப்படியே நடந்தது, நான் சிரித்திருக்க வேண்டும்.

உன் அக்கா அந்தச் சண்டையில் சேரவில்லை. தபால் அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போன அந்த நீலப் புடவையில், முழங்காலுக்கு நடுவே செல்லோவை வைத்துக்கொண்டு, இன்னும் சுவர்ப்பக்கமே காதைக் கொடுத்திருந்தாள். கம்பியை மெல்லச் சுண்டுவாள், கொஞ்சம் முறுக்குவாள், மறுபடி சுவரைப் பார்ப்பாள். வராத மோட்டாருக்காகக் காத்திருந்தாள். அப்போது டாக்டர் மேடையிலிருந்து குனிந்து என்னிடம் சொன்னார், "என்ன சார் ஆச்சு உங்க மோட்டாருக்கு? உங்க வீட்டுக்காரம்மாதான் அதைச் சுருதியா வெச்சுக்கலாம்னு சொன்னாங்க. 'அதை எங்க வீட்டுக்காரர் பாத்துக்கறாரு, பதினோரு வருஷமா ஒரே சத்தம், மாறவே மாறாது'ன்னாங்க. அதை நம்பித்தான் சார் நாங்க இருக்கோம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. எழுந்து நின்று, "ம்ம்ம்..." என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பழைய மோட்டாரின் சத்தம் எனக்குத் தெரியாதா? தேய்ந்த பேரிங்கின் கரகரப்பு உட்பட அப்படியே. தொண்ணூறு பேர் பார்க்கிறார்கள். உன் அக்கா சட்டென்று திரும்பினாள், காதை என் பக்கம் சாய்த்துக் கம்பியை முறுக்கினாள். அது வந்து என் குரலோடு ஒட்டிக்கொண்டது, மயிரிழைகூட விலகவில்லை. மற்ற மூன்று பேரும் சேர்ந்து முடிக்க நாலு நிமிஷம் ஆயிற்று. நாலு நிமிஷமும் நான் மூச்சு வாங்கி வாங்கி ஓடினேன்.

கச்சேரி மகா மட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தாளத்தில் டாக்டர் முன்னால் போய்விட்டார், அளவையாளர் வந்து சேரவேயில்லை. முடிந்ததும் உன் அக்கா என்னிடம் வந்து, பதினெட்டாம் நாளுக்குக் காத்திருக்காமல், வாயைத் திறந்தாள். "ஏங்க, பேரிங்ல கிரீஸ் இருந்துச்சா?"

நாலு நிமிஷம் மோட்டாராக ஓடியதில் என் தொண்டை கட்டிப்போயிருந்தது. அவள் கையிலிருந்த வில்லை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தேன். பயங்கரமான சத்தம். அவள் சிரித்த சிரிப்பில் தையல்கார அம்மா எட்டிப் பார்த்தார். பாவம், அவரிடம் நான் இன்னும் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. பகல் மூன்று மணிக்குக் குப்பைத் தொட்டியைக் கிளறி, பழைய பேரிங் இரண்டையும் தேடி எடுத்துத் துடைத்து, மறுபடி மோட்டாரில் மாட்டிவிட்டேன். முப்பத்துநாலு வருஷ வேலையில் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. ரப்பரையும் உருவிவிட்டேன். இப்போது நன்றாக அலறுகிறது.

நீ வரவேண்டாம். வந்தே தீருவேன் என்றால் சின்ன வண்டி போதும், வில்லுக்குத் தேய்க்கிற பிசின் கட்டி ரெண்டு வாங்கிக்கொண்டு வா. கூடவே ஒரு நாற்காலி.