பழைய நகரத்தில் ஒட்டிய நீல டேப்

குறை கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் கராஜ் பக்கம் நழுவிவிடுகிறேன்.

டெக்சாஸில் எங்கள் ஊரான ஃபிரிஸ்கோவில் புது வீடு வாங்குபவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவி வாங்கும் முன் வீட்டைச் சுற்றிப் பார்த்து, குறை தெரியும் இடத்திலெல்லாம் நீல டேப் ஒட்டவேண்டும். பில்டர் ஆள் அனுப்பிச் சரிசெய்வார். சாதாரண மனிதர்கள் முப்பது, நாற்பது ஒட்டுவார்கள். நான் இருநூறைத் தாண்டினேன். (பாத்ரூம் கதவின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தவனாக்கும்.) எல்லாம் சரியான பிறகும் சமையலறைச் சுவரில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், பூசப் பூசத் திரும்பி வந்தது. அது போகாமல், வீட்டை வாங்கி முடிக்கும் க்ளோசிங் பேப்பரில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நின்றேன். அபார்ட்மெண்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே குடித்தனம் நடத்திய மனைவி சுமதிக்குப் பொறுமை போய்விட்டது.

கோடை விடுமுறைக்கு வார்சா கிளம்பும்போது ஒரு நிபந்தனை வைத்தாள். "ஏங்க, இந்த ஒரு வாரம் நீங்க எதுலயும் குறை சொல்லக்கூடாது. சொன்னீங்கன்னா, ஊருக்கு வந்ததும் சைன் பண்றீங்க. விரிசலோட."

நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். (ஓட்டல் பாத்ரூமில் டைல்ஸ் கோணல். மூச்சு விடவில்லை.) ஐந்தாம் நாள் பழைய நகரச் சதுக்கத்துக்குப் போனோம். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான இடம், பழைய ஓவியங்களைப் பார்த்து அப்படியே திரும்பக் கட்டினார்கள் என்று மகள் மீரா போனில் படித்துச் சொன்னாள். மஞ்சளும் ரோஸும் பச்சையுமாக வீடுகள் வெயிலில் நின்றன. சுமதி ஐஸ்கிரீமோடு என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

ஆனால் மண்டையில் ஏறியது 'திரும்பக் கட்டினார்கள்' மட்டும்தான். அப்படியென்றால் இது புதுக் கட்டுமானம். கண் தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. ஒரு போஸ்ட்கார்டு கடை வாசலோரம், வழவழப்பான பூச்சுக்கு நடுவே ஒரு கல் மட்டும் கறுத்து, மூலை உடைந்து, விரிசலோடு இருந்தது. ஜாக்கெட் பைக்குள் கை போனது. டேப் அங்கேதான் இருந்தது (எப்போதும் இருக்கும்). ஒரு துண்டு கிழித்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தும் விட்டேன்.

"அப்பா, நோ," என்றாள் மீரா, உயிர் போகிற குரலில்.

கடைக்கார அம்மாள் வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும். இது எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் டெக்சாஸ், பில்டர், வாரண்டி என்று உளறினேன். அவர் டேப்பை மெல்ல உரித்தெடுத்தார். இடிபாடுகளில் கிடைத்த பழைய கற்களைப் பொறுக்கி, புதுச் சுவர்களில் வேண்டுமென்றே பதித்தார்களாம். அப்படிக் கல் பொறுக்கிச் சுமந்தவர்களில் அவருடைய அம்மாவும் ஒருவராம். இந்தச் சுவரில் மற்றதெல்லாம் புதுசு, நீங்கள் குறை என்று காட்டிய இது ஒன்றுதான் போரில் பிழைத்தது என்று சொல்லி, டேப்பை என் உள்ளங்கையில் வைத்தார்.

வெட்கத்தில் காது சுட்டது. மன்னிப்புக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கல்லுக்கு வாரண்டி முடிந்து ரொம்ப நாளாகிறது என்றார். பரிகாரமாகக் கை நிறைய போஸ்ட்கார்டு வாங்கினேன். நான் குறை 'சொல்லவில்லை', ஒட்டத்தான் செய்தேன் என்று சுமதியிடம் வாதாடிப் பார்த்தேன். அவள் அதே கடையில் ஒரு பேனா வாங்கி என் சட்டைப்பையில் செருகினாள். "இதுலயே சைன் பண்ணிடுங்க."

அந்தப் பேனாவால்தான் போட்டேன். விரிசல் இன்றும் சமையலறையில் இருக்கிறது. பக்கத்தில் மீரா ஒரு நீல டேப் ஒட்டி, 'ஒரிஜினல்' என்று எழுதிவைத்திருக்கிறாள். விருந்தாளிகள் வந்தால் சுமதியும் மீராவும் முதலில் அதைக் காட்டி, கதையை ஆரம்பித்துவிடுவார்கள். போன மாதம் பெயிண்ட் அடிக்க வந்தவர், இதையும் பூசிவிடட்டுமா என்று கேட்டார். பதறிப்போய் ஓடிவந்து, சுவரை மறைத்துக்கொண்டு நின்றது நான்தான்.