இருநூற்றுப் பதினான்காம் வரிப் போர்

வாழ்க நம் வீரன்! பத்து விரலால் விசைப்பலகை அதிரப் பகை முடிப்பவனும், ஆறிப்போன காபிக் கோப்பைகள் அரணாய்ச் சூழ்ந்த மேசைக்கு அதிபதியும், தன் நிரலை யாராவது குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வருபவனுமாகிய, பெரியதொரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் மூன்றாம் நாற்காலியை அலங்கரிக்கும் நிரலாளனின் வீரப்பாட்டை எடுத்துரைக்கத் துணிந்தோம். மின்சாரமே, பாடி முடிக்கும்வரை போய்விடாதே.

இவன் ஆக்கிய அருங்கருவி யாதெனக் கேட்பீராகில், சொல்வோம். யாருக்கு எந்த நாள் பணி, யாருக்கு எந்த நாள் விடுப்பு என்று வார்டு நர்ஸ்கள் விதிகளாக எழுதித் தரும் கோப்பை வரிவரியாய் வாசித்து, டியூட்டி லிஸ்ட் ஆக்கித் தரும் நிரல் அது. வாசிக்க முடியாத கோப்பு வந்தால் அது திருவாய் மலர்வது ஒரே செய்திதான்: பிழை என்னும் ஒரு சொல்லும், ஒரு வரி எண்ணும். அந்த எண்ணின் மாண்பைக் கேண்மின்! எங்கோ திறந்த அடைப்புக்குறி ஒன்றை யாரோ மூட மறந்தால், பின்னால் வருவதெல்லாம் அதற்குள்தான் அடக்கம் என்று நம்பி, நிரலானது மூச்சிரைக்க முடிவுவரை ஓடி, கோப்பே தீர்ந்துபோன வெட்டவெளியில் நின்று, தான் நிற்கும் இடத்தையே பிழை நடந்த இடமென்று முரசறையும். இருநூற்றுப் பதின்மூன்று வரிக் கோப்பில், இருநூற்றுப் பதினான்காம் வரியில் பிழை என்னும். அப்படி ஒரு வரியே கிடையாது.

ஐந்தாம் வார்டின் தலைமை நர்ஸ், எல்லோரும் பெரியக்கா என்றழைக்கும் அம்மாள், இதைச் சொல்லி மாதக்கணக்காகப் போன் செய்தார். ஒவ்வொரு முறையும் நம் வீரன் நாற்காலியில் சாய்ந்தபடி அருளிய பிரகடனம் ஒன்றே.

"கருவி சரியாத்தான் இருக்கு. எழுதினவங்கதான் தப்பா எழுதியிருக்காங்க. நல்லாப் பாருங்க."

நல்லாப் பார்ப்பதற்கு வார்டில் ஒரு வழக்கமே உண்டாயிற்று. பிழை வந்தால் ஒரு நர்ஸ் அச்சிட்ட தாளை உரக்க வாசிக்க, இன்னொருத்தி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மறுபடி அடிப்பாள். இரண்டு பேர், ஒன்றரை மணி நேரம். அதுவரை நோயாளிகள் மணியை அடித்துக்கொண்டே கிடப்பார்கள்.

நிற்க. வீரனின் மனைவியும் அதே வார்டில்தான் நர்ஸ். நான்கு ஆண்டுகளாகக் கண்ணால் காணாத அவள் தங்கை, வெளிநாட்டிலிருந்து வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில், இரண்டு விமானங்களுக்கு நடுவே, வரும் சனிக்கிழமை ஒரு பகல் மட்டும் ஊரில் இறங்குகிறாள். அந்த ஒரு பகலுக்காக மனைவி மூன்று வாரம் ஞாயிறுகளை விட்டுக்கொடுத்து விடுப்பு வாங்கியிருந்தாள். அதைக் கோப்பில் ஏற்றும் பொறுப்பைப் பெரியக்காவிடம் விட வீரனுக்கு மனம் ஒப்பவில்லை. அவங்க கைபட்டா எங்கயாவது சொதப்பிடுவாங்க என்று சொல்லி, புதன்கிழமை தானே தன் மேசையில் இருந்தபடி அந்த விதியை அடித்துச் சேர்த்தான்.

விடிந்தது வியாழன். மாலை மூன்று மணிக்குப் புது லிஸ்ட் அச்சாக வேண்டிய நாள். கோப்பு தேறாவிட்டால் போன வார லிஸ்டே மறுபடி அச்சாகும். போன வாரச் சனிக்கிழமை அவளுக்கு முழுநாள் டியூட்டி. பழையது பத்திரமானது என்று இந்த ஏற்பாட்டைச் செய்தவனும் வேறு யாருமல்லன். காலையிலேயே திரை முழங்கியது: பிழை, வரி 214. நர்ஸ்கள் இருமுறை முழுதும் வாசித்து இருமுறை அடித்தார்கள். தாளில் இல்லாத குறியை உரக்க வாசிப்பது எப்படி? இரண்டு மணிக்குப் பெரியக்கா போனை எடுத்தார்.

"தம்பி, நாங்க நல்லாப் பாத்துட்டோம். இனி நீங்க வந்து என் நாற்காலியில உக்காருங்க."

வந்தான் வீரன்! லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி வந்தான். ஆடும் கால் ஒன்றுடைய அந்த நாற்காலியாகிய தேரில் ஏறினான். மருந்துத் தட்டோடு மனைவி சுவரோரம் நிற்க, கணையாய் விரலை நீட்டிப் போர் தொடங்கினான். முதலில் கோப்பைப் பாதியாக வெட்டிப் பார்ப்போம் என்று வியூகம் வகுத்தான். நாட்களின் பட்டியல் முதல் வரிகளிலும் நர்ஸ்களின் பெயர்ப் பட்டியல் கடைசி வரிகளிலும் இருந்ததால், ஏதாவது ஒன்று குறைந்த இரண்டு பாதிகளையுமே பிழை என்றது நிரல், அதே ஒற்றைச் சொல்லில். எந்தப் பிழைக்கும் அதே சொல். கெஞ்சினான், அதே சொல். மேசையைக் குத்தினான், அதே சொல். தான் வளர்த்த காவல் நாய் தன்னையே அடையாளம் தெரியாமல் குரைப்பதுபோல் இருந்தது அவனுக்கு. "இது என்னத்தத்தான் சொல்ல வருது?" என்று அவன் வாய்விட்டுக் கேட்க, பெரியக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் நர்ஸ்கள் செய்ததைத்தான் அவனும் செய்தான். தாளில் விரலை வைத்து, ஒவ்வொரு திறப்புக்கும் ஒவ்வொரு மூடலையும் எண்ணிக்கொண்டு வந்தான். பதினேழாம் வரியில் விரல் நின்றது. திறந்திருந்தது, மூடவில்லை. அது அவன் மனைவியின் சனிக்கிழமை விடுப்பு. அவன் கைப்பட அடித்த விதி. காதுமடல் சிவக்க அவன் அந்த ஒற்றைக் குறியைப் போட்டு நிமிர்ந்தபோது, மூலையில் பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு போன வார லிஸ்டை ஒவ்வொரு தாளாக வெளியே தள்ளத் தொடங்கியிருந்தது. மணி மூன்று.

அச்சானது அச்சானதுதான் என்பது நிர்வாகத்தின் சட்டம். இந்த வாரத்துக்கு எல்லோரும் கேட்டிருந்த விடுப்பும் ஒருசேரப் போனதால், டியூட்டி மாற்றிக்கொள்ளவும் ஆளில்லை. மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"பதினேழாவது வரியில மூடலன்னு அது வாயைத் திறந்து சொல்லியிருந்தா என்ன?"

பதில் சொல்ல வாயெடுத்தான் வீரன். நல்லாப் பாருங்க என்பதைத் தவிர வேறொன்றும் அந்த வாய்க்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை மச்சினி வந்தாள். மாமன் ஆக்கிய குழைந்த சோற்றைக் குறை சொல்லாமல் உண்டாள். அக்கா எப்ப வருவா என்று மூன்று முறை கேட்டாள். அக்காவுக்குக் கிடைத்த இடைவேளையில் நான்கு நிமிடம் போனில் பேசினாள், அதில் பாதி நேரம் இருவரும் அழுதார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளை வழியனுப்பித் திரும்பிய, விசைப்பலகை அதிரப் பகை முடிக்கும் அம்மாவீரன், நேரே மருத்துவமனை மேசைக்குப் போய், ஆறிய கோப்பைகளை ஒதுக்கி, கணினியைத் திறந்து, அடைப்புக்குறி எந்த வரியில் திறந்தது என்பதை நினைவில் வைத்திருந்து மூடாவிட்டால் அந்த வரியையே சொல்லும்படி நிரலை மாற்றினான்.

பதினோரு நிமிடம் ஆனது.